ஒரு கேள்விக்கு ஒரு கயிறு

போன வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணசந்த நேரத்தில் போன் அடித்தது. எங்கள் கோயிலில் என் இடத்துக்கு வந்திருக்கும் புது ஓதுவார். பெண். நல்ல சாரீரம், நல்ல பாடம், என்னைப் போல ரெண்டு அடிக்கு ஒரு தரம் மூச்சு வாங்காது. கோயிலுக்கு வரும் பையன்கள் சிலர் செல்போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறார்களாம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டால் திருமுறையிலிருந்து ஒரு பாட்டு வந்து நிற்குமாம். இனிமேல் புத்தகத்தில் கயிறு சாத்துவானேன், இதிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்கிறார்களாம். நான் என்ன சொல்லட்டும் ஐயா என்றது அந்தப் பிள்ளை.

"எதுல வேணும்னாலும் பாக்கட்டும் தாயி. அர்த்தம் என்னன்னு கேட்டா மட்டும் நீ வாயத் தொறந்துராத" என்று சொல்லிப் போனை வைத்தேன். அஞ்சு நிமிஷம் போகவில்லை, மறுபடியும் போன். ஏன் சொல்லக் கூடாது? நாலு வருஷம் அர்த்தத்தோடுதானே எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள்? தூக்கம் போனது போனதுதான். கேள்வி நியாயமானது. போனில் சொல்லி முடிக்க எனக்குத் தெம்பு கிடையாது. எழுதிப் பார்க்கிறேன்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற ரோட்டில் ஒரு சிவன் கோயில். பெயர் வேண்டாம். சொல்லப் போகிற குடும்பம் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அவர்கள் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அந்தக் கோயிலில்தான் என் தொண்டை தேய்ந்தது. ஓதுவார் வேலை என்பது சுருக்கமாக இவ்வளவுதான்: குருக்கள் தீபாராதனை காட்டி முடித்ததும் அர்த்தமண்டபத்து ஓரம் நின்று அந்தந்த வேளைக்கு உரிய பதிகத்தை அதற்கு உரிய பண்ணில் பாட வேண்டும். கூட்டம் இருந்தாலும் பாட வேண்டும், ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் பாட வேண்டும். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மடத்துப் பாடசாலை, விடிவதற்கு முன் குளத்தில் குளியல், தொடையில் தாளம் போட்டுப் போட்டுத் தொடை சிவந்தது, வருஷங்கள் போனதே தெரியவில்லை. வேலைக்கு வந்த பிறகுதான் வருஷங்கள் தெரிந்தன. நடுவில் யாரோ புண்ணியவான் மின்சார மேளம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் ஜாலராவும் தானாக அடிக்கும். அதை நிறுத்தி முடிப்பதற்குள் பாதிப் பாட்டு போய்விடும். மிச்சப் பாதியை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் கயிறு சாத்த வருகிறவர்கள் கேட்பார்கள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

அந்த வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் ஒரு முடிவு எடுக்க முடியாமல் தவிக்கிறவர்கள், பெண்ணைக் கொடுக்கலாமா, நிலத்தை விற்கலாமா, ஆப்பரேஷன் பண்ணலாமா என்று அல்லாடுகிறவர்கள், காலைப் பூசை முடிந்ததும் வந்து நிற்பார்கள். சந்நிதிக்கு எதிரே மரப் பீடத்தில் பட்டுத்துணி விரித்து, மூவர் பாட்டும் அடங்கிய பெரிய புத்தகத்தை மூடியபடி வைப்போம். மஞ்சள் தடவிய நூல்கயிறு ஒன்று. கேட்க வந்தவர் கை கால் கழுவிவிட்டு வந்து, கண்ணை மூடி, தன் கேள்வியை மனசுக்குள் வைத்து, கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, மூடிய தாள்களுக்கு நடுவில் நுழைக்க வேண்டும். கயிறு போன இடத்தில் நாங்கள் புத்தகத்தைப் பிரிப்போம். வலது பக்கத்தில் முதலில் வருகிற முழுப் பாட்டு எதுவோ அதுதான் சாமி கொடுத்த உத்தரவு. அதைப் பாடி, திருநீறு கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.

எனக்கு மேலே இருந்தவர் பெரிய ஓதுவார். எல்லோருக்கும் அவர் பெரியவர். ஒல்லி, சர்க்கரை வியாதிக்காரர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டுவதையும் திருநீறு கொடுக்கிற குரலிலேயே திட்டுவார். புத்தகத்தைத் தொடுவதற்கு முன் ஒரு தரம், தொட்ட பிறகு ஒரு தரம் கை கழுவுவார். தொட்ட பிறகு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "அவுக கொண்டாந்த பாரம் நம்ம கையோட வீட்டுக்கு வரப்படாதுல்லா" என்றார். கயிறு விஷயத்தில் அவருக்குச் சில கறார்கள் உண்டு. கேள்வியை யாரும் நம்மிடம் சொல்லக் கூடாது, நாமும் கேட்கக் கூடாது. ஒரு கேள்விக்கு ஒரு கயிறுதான், பாட்டு பிடிக்கவில்லை என்று மறுபடி சாத்த விடக் கூடாது. பாடும்போது கேட்டவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, சந்நிதியைப் பார்த்துத்தான் பாட வேண்டும். அர்த்தம் சொல்லவே கூடாது.

கடைசிக் கறாரைத்தான் ஜனங்களால் தாங்க முடியாது. "என்ன சாமி சொல்லுது? ஆமாவா, இல்லையா?" என்று பிய்த்து எடுப்பார்கள். பெரியவர் திருநீற்றுத் தட்டை நீட்டிக்கொண்டே இருப்பார்.

நான் சேர்ந்த புதிதில் சுரண்டையிலிருந்து ஒரு தோட்டக்காரர் வந்தார். போர் போடலாமா என்பது அவர் கேள்வி. நாங்கள் கேட்காமலே வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். கயிறு சாத்தினார். வந்த பாட்டில் சாமி தலையில் கங்கை. எனக்குச் சிரிப்பும் சந்தோஷமுமாக வந்துவிட்டது. பாடிக்கொண்டே அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நேராகப் போய் வண்டியை வரவழைத்து துளை போட்டார். பாறையும் தூசியும்தான் வந்தது. ஒரு மாதம் கழித்து வந்து பிரகாரம் அதிர சத்தம் போட்டார். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, அதே திருநீற்றுக் குரலில் சொன்னார்: "தண்ணி அவன் தலையில இருக்குன்னுதானவே பாடுனோம். உம்ம தோட்டத்துல இருக்குன்னா பாடுனோம்?"

அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "நீரு வாயால ஒண்ணும் சொல்லல. ஆனா உம்ம மூஞ்சி சொல்லிட்டுது வேய்" என்றார். அன்றிலிருந்து சந்நிதியைத் தவிர வேறு எங்கும் பார்த்து நான் பாடியதில்லை.

அன்று சாயங்காலம் நடை திறக்கிறதற்கு முன்னால் இருவரும் மடப்பள்ளிப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு மனசு ஆறவில்லை. பதில் சொல்லாத புத்தகத்தில் எதற்கு இத்தனை பேர் கயிறு விட வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அவர் பாடசாலையில் முதல் நாள் சொல்லித் தருகிற கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னார். எல்லா ஓதுவாருக்கும் தெரிந்த கதை. மூவரும் பாடிய பாட்டெல்லாம் ஓலையில் எழுதி தில்லையில் ஒரு அறைக்குள் பூட்டிக் கிடந்தது. பாட்டைத் தேடி ஒரு சோழ ராஜா வந்தார். பாடினவர்களே வந்தால்தான் கதவைத் திறப்போம் என்றார்கள் கோயில்காரர்கள். ராஜா யோசித்தார். மூவருடைய விக்கிரகங்களையும் அலங்காரம் பண்ணி ஊர்வலமாகக் கொண்டுவந்து கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டார். திறந்து பார்த்தால் ஓலைமேல் கரையான் புற்று. எண்ணெயை ஊற்றி, மண்ணைக் களைந்து எடுத்தால் தேறினது கொஞ்சம், போனது மலை போல. ராஜா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது அசரீரி கேட்டதாம்: இந்தக் காலத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டு மீதியை நாம்தான் கரையானுக்குக் கொடுத்தோம் என்று. அதற்குப் பிறகும் ராகம் தெரியவில்லை. பாட்டு இருக்கிறது, பாடத் தெரிந்த ஆள் இல்லை. பாணர் குலத்துப் பெண் ஒருத்தியைத் தேடிப் பிடித்து, அவள் பாடிக் காட்டித்தான் பண் திரும்ப வந்தது.

நான் சொல்லி முடித்ததும் பெரியவர் கேட்டார், அந்த மூவருக்கும் கேட்டதெல்லாம் கிடைத்ததா என்று. ஒருத்தருக்கு வயிற்று வலி. ஒருத்தருக்குக் கண் போனது. ஊர் ஊராக நடந்து, கெஞ்சி, கோபித்து, உரிமையோடு ஏசி, அழுது பாடினது அத்தனையும். "இது பதில் சொல்லுத புத்தகம் இல்ல வேய். நம்மள மாதிரி கேட்டவுக புத்தகம். கேக்க வந்தவனுக்குத் தொணைக்கு இன்னொருத்தன் கேட்டதப் பாடிக் காட்டுதோம். அதுக்கு மேல நமக்கு என்ன தெரியும்?" என்றார். திருமுறையைப் பற்றி எத்தனையோ பேர் மேடை போட்டுப் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒட்டினது இது ஒன்றுதான்.

இனி கோமதி.

அச்சன்புதூரில் வயல் உள்ள குடும்பம். வீட்டுக்காரர் சுப்பையா பட்டாளத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டவர். அதிகம் பேச மாட்டார் என்பார்கள். ஒரு ஆனி மாதம், சாரல் பிடித்து அடித்துக்கொண்டிருந்த காலையில், குற்றாலத்துக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். வரவில்லை. ஐந்தருவிப் பக்கம் அவருடைய செருப்பும் துண்டும் கிடைத்தன. தீயணைப்புக்காரர்கள் வந்து தேடினார்கள், முக்குளிக்கிறவர்கள் வந்து தேடினார்கள். ஆளும் இல்லை, உடலும் இல்லை. அவர் தம்பி முருகையா போலீசில் ஏட்டு. அவருக்கே ஒரு நிலை இல்லை. ஒரு நாள், "குத்தாலத்துத் தண்ணி ஆளக் கொல்லும், ஒளிச்சு வைக்காது, அண்ணன் எங்கயோ இருக்காரு" என்பார். யாராவது புனலூரில் பார்த்தேன், ஆரியங்காவு டீக்கடையில் பார்த்தேன் என்றால் லீவு போட்டுவிட்டுப் போய்த் தேடிவிட்டு வருவார். இன்னொரு நாள், செத்துத்தான் போயிருப்பார் என்பார். இப்படியே ஏழு வருஷம் கழிந்தது.

கோமதி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலைக்குப் போனாள். ஒரே மகள். அந்தப் பெண்ணுக்குச் சுரண்டையில் மாப்பிள்ளை அமைந்தது, தை மாதம் கல்யாணம் என்று பேசிவிட்டார்கள். வினை அங்கேதான் வந்தது. பத்திரிகை அடிக்க வேண்டும். பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் 'திரு' என்று போடுவதா, 'காலஞ்சென்ற' என்று போடுவதா? மாப்பிள்ளை வீட்டில் பக்குவமாகத்தான் கேட்டார்கள், ஏதாவது ஒன்றைப் போடுங்கள் என்று. முருகையா, ஏழு வருஷம் ஆனால் கோர்ட்டே செத்ததாகத்தான் எடுத்துக்கொள்ளும், தர்ப்பையில் உரு பண்ணி கருமாதியை முடித்துவிட்டுக் கல்யாணத்தை நடத்துவோம் என்றார். சுப்பையாவின் அம்மா, என் பிள்ளை உயிரோடு இருக்கும்போது எவனடா புல்லைக் கொளுத்துகிறவன் என்று தலைவிரி கோலமாக நின்றாள். கருமாதி நடந்தால் கோமதி பொட்டை அழித்து, தாலியைக் கழற்ற வேண்டும். நடக்காவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்காது. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. கடைசியில், கயிறு சாத்திப் பார்த்துவிடுவோம், சாமி சொல்வதற்குக் கட்டுப்படுவோம் என்று அம்மாவும் மகனும் ஒத்துக்கொண்டு வந்தார்கள்.

ஐப்பசி மழை. மூன்று பேரும் நனைந்துதான் வந்தார்கள். நான் பீடத்தை வைத்துப் பட்டை விரித்துக்கொண்டிருந்தேன். முருகையா உள்ளே வந்ததும் ஸ்டேஷனில் வாசிக்கிற மாதிரி சொன்னார், அண்ணன் உயிரோடு இருக்காரா இல்லையா, இதுதான் கேள்வி என்று. கேள்வியை எங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார் பெரியவர். அடுத்தது, யார் சாத்துவது? பெற்றவள் நான் என்றாள் அம்மா. குடும்பத்துக்கு ஆம்பிளை நான் என்றார் முருகையா. மழைச் சத்தத்துக்கு மேலே இவர்கள் சத்தம். பெரியவர் இரண்டு பேரையும் விட்டுவிட்டுத் தூணோரம் நின்றவளைப் பார்த்தார்.

"கழுத்துல கெடக்கது யாருக்கோ அவுக சாத்தட்டும்" என்றார்.

கோமதி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நாற்பத்தி சொச்சம் வயது இருக்கும். அடுப்புப் புகை ஏறின முகம். கயிற்றைக் கையில் வாங்கிக் கண்ணை மூடினவள் திறக்கவே இல்லை. முருகையா தொண்டையைச் செருமினார். அப்போதும் திறக்கவில்லை. இவ்வளவு நேரம் ஒரு கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் கயிறு உள்ளே போனது.

பெரியவருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது, என்னைப் பாடச் சொன்னார். பிரித்தேன். கடல் கடைந்தபோது வந்த நஞ்சை எல்லாரும் பயந்து ஓட, தான் வாங்கி உண்டு, கழுத்திலேயே நிறுத்திக்கொண்டவனைப் பாடுகிற பாட்டு. சந்நிதியைப் பார்த்துக்கொண்டு பாடினேன். பாடி முடித்ததும் பார்த்தால் அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். நஞ்சைத் தின்றும் சாகவில்லையே, என் பிள்ளையும் சாகவில்லை, சாமி சொல்லிவிட்டது என்று. முருகையா விடவில்லை. நஞ்சு என்று வந்த பிறகு என்ன இருக்கிறது, ஆள் முடிந்துபோனார் என்பதுதான் அர்த்தம் என்றார். ஒரே பாட்டு, அம்மாவுக்கு உயிர், மகனுக்குச் சாவு.

"ஓதுவாரய்யா, நீரு படிச்ச ஆளு. நீரே சொல்லும்" என்று முருகையா என்னைப் பிடித்துக்கொண்டார். நான் பெரியவரைப் பார்த்தேன். எனக்கு அந்த நிமிஷம் சொல்லிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. உயிரோடு இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் பொட்டு தப்பும். யாருக்கு என்ன நஷ்டம்? வாய் வரைக்கும் வந்துவிட்டது. பெரியவர் என் முழங்கையைத் தொட்டார். அப்புறம் அவர்களிடம், கேட்டது அந்தப் பிள்ளை, பாட்டு வந்ததும் அந்தப் பிள்ளைக்கு, என்ன தோன்றுகிறது என்று அதுவே சொல்லட்டும் என்றார்.

அத்தை, கொழுந்தன் இரண்டு பேரும் அப்போதுதான் அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறதையே பார்த்த மாதிரி பார்த்தார்கள்.

"நான் அவரு இருக்காரா இல்லையான்னு கேக்கல" என்றாள் கோமதி.

மழை கொஞ்சம் விட்டிருந்தது. முருகையா, பின்னே என்னத்தைக் கேட்டாய் என்றார். அவள் கயிற்றைப் பீடத்தின் மேல் நெளியாமல் நீட்டி வைத்துவிட்டுச் சொன்னாள். "இருந்தா இருப்பாரு, செத்தா செத்திருப்பாரு. அதுல நான் செய்யுததுக்கு ஒண்ணும் கெடையாது. ஒரு நாளு வந்து வாசல்ல நின்னா கதவத் தொறக்கணுமா, வேண்டாமா, அதத்தான் கேட்டேன்."

அம்மா வயிற்றில் அடித்துக்கொண்டாள். அடிப்பாவி, என் பிள்ளை வந்தால் வாசலில் நிறுத்துவாயா என்றாள். முருகையாவுக்கு வேறு கவலை. கேள்வி தப்பு, இந்தக் கயிறு செல்லாது, இப்போது நான் சாத்துகிறேன் என்று பீடத்துக்கு முன்னால் உட்காரப் போனார். பெரியவர் புத்தகத்தை மூடிப் பட்டால் சுற்றிவிட்டார். சாமி ஒரு தரம் பேசியாச்சு, வீட்டுக்குப் போங்கள் என்றார். போலீஸ்காரர் ஏதோ சத்தமாகச் சொல்ல வாயெடுத்தார். பெரியவர் தட்டை நீட்டினார். திருநீற்றைப் பூசிக்கொண்டு பேச அவருக்கு வரவில்லை.

அவர்கள் போன பிறகு பெரியவர் வெகுநேரம் கை கழுவினார். "ஒரு வார்த்த நாம அர்த்தம் சொல்லியிருந்தோம்னா அந்தப் பிள்ள கேள்வி அது வயித்துக்குள்ளயே செத்திருக்கும் வேய்" என்றார். புது ஓதுவாருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் அதுதான். இதற்கு மேல் நல்ல பதில் எனக்குத் தெரியாது.

கருமாதி நடக்கவில்லை. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று அந்த வீட்டில் யாருக்கும் புரியாமல் போனதால் அது தானாக நின்றது. பத்திரிகையில் 'திரு' போட்டார்கள். முருகையாவும் அவர் சம்சாரமும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கோமதி பொட்டும் பூவுமாகப் பந்தி பரிமாறினாள். இரண்டொரு பொம்பிளைகள் குசுகுசுவென்று பேசினார்கள், பந்தியில் இரண்டாம் தரம் பாயசம் கேட்கிறபோது நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பிரதோஷம் தவறாமல் கோயிலுக்கு வருவாள். அந்தப் பாட்டை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பெரியவர் காலமானார். அவர் வேலையும் சேர்ந்து என் தலையில் விழுந்தது. கயிறு சாத்துகிறவர்கள் மட்டும் குறையவே இல்லை. கேட்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. எனக்கு அத்தனை பேருடைய கேள்வியும். சில நாள் வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் கை ஓடாது. இருபத்தி நாலு மணி நேரமும் சாமிக்குப் பக்கத்தில் நிற்கிறீர், உமக்கென்ன கவலை என்பார்கள். நிற்கிறவனுக்குத்தான் கால் வலிக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சாரல் காலையில் ஒருவர் வந்தார். தாடி, வெளுத்த காவி வேட்டி, தோளில் ஒரு துணிப்பை. குற்றாலத்தில் சீசனுக்கு எத்தனையோ சாமியார்கள் வருவார்கள், அதில் ஒருவர் என்று நினைத்தேன். கயிறு சாத்த வேண்டும் என்றார். வைத்தேன். சாத்தினார். சோலையும் வண்டும் வயலும் நிறைந்த ஒரு ஊரைப் பாடுகிற பாட்டு வந்தது. சந்நிதியைப் பார்த்துப் பாடினேன். பாட்டு முடிந்த பிறகு விசும்பல் கேட்டுத்தான் திரும்பினேன். தரையில் நெற்றியை வைத்துக் கிடந்தார்.

"நான் அச்சம்புதூரு சுப்பையா ஐயா. மவளுக்குக் கல்யாணம் ஆயிட்டாம்லா?" என்றார்.

ஆகிவிட்டது, பேரன் நடக்கிறான் என்றேன். எங்கே இருந்தீர் என்று கேட்கவில்லை. அவராகவே, அச்சன்கோயில் பக்கம் மலையில் இருந்ததாகச் சொன்னார். ஏன் போனார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. "வீட்ல இருக்க முடியல" என்றார், அவ்வளவுதான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "வீட்டுக்குப் போகலாமா கூடாதான்னு கேட்டேன். ஊரப் பத்திப் பாட்டு வந்திருக்கு. போகச் சொல்லுதானா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சர்க்காரிடமும் சாமியிடமும் பொறுமையாக இருந்து இருந்து பழகினவன் நான். அன்று முடியவில்லை. பெரியவர் இருந்திருந்தால் என் முழங்கையைத் தொட்டிருப்பார்.

"பாட்டுல ஒண்ணும் கெடையாதுவே. அன்னா வாசல்ல அச்சம்புதூரு பஸ் வருது. ஏறுனா அர மணி நேரம். போயி அந்தப் பிள்ளகிட்டக் கேளும். சாமிய எதுக்கு நடுவுல இழுக்கீரு?" என்றேன்.

"அவ கதவத் தொறக்கலன்னா?" என்றார்.

இந்த மனிதர் அந்தக் கேள்வியைக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. அவள் கேட்டது எனக்குத் தெரியும், அவளுக்குக் கிடைத்தது தெரியாது. திருநீற்றுத் தட்டை நீட்டினேன். பூசிக்கொண்டு போனார். நான் கை கழுவப் படித்துறைக்குப் போகாமல் கோபுர வாசலுக்கு வந்து நின்றேன். ரோட்டுக்கு எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப்பில் நனைந்துகொண்டு நின்றார். அச்சன்புதூர் பஸ் வந்தது. கண்டக்டர் பின்படியில் தொங்கியபடி கூப்பிட்டார். அவர் ஒரு எட்டு முன்னால் வைத்தார், நின்றுவிட்டார். பஸ் போய்விட்டது. கால் மணி நேரம் கழித்து, மலைப் பக்கம் போகிற செங்கோட்டை பஸ் வந்தது. அதில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த பிரதோஷம் வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை. சொன்னால் அவள் மனசு என்ன பாடு படும்? சொல்லாமல் வைத்துக்கொள்ள நான் யார்? பிரதோஷத்தன்று கோமதி பால் தூக்கோடு வந்தாள். வில்வ மரத்துப் பக்கம் கூப்பிட்டு நிறுத்தி, "வந்திருந்தாரு தாயி" என்றேன். யார் என்று அவள் கேட்கவில்லை. நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன், அவர் கேட்ட கடைசிக் கேள்வி உட்பட. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மெலிந்திருந்தாரா என்றாள். ஆமாம் என்றேன். எந்த பஸ்ஸில் ஏறினார் என்றாள். செங்கோட்டை பஸ் என்றேன்.

பால் தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இத்தன வருசமும் தாப்பா போடாமத்தான் படுத்தேன் ஐயா. களவு போனாலும் போகட்டும்னு, கதவச் சும்மா சாத்தித்தான் வச்சிருந்தேன்" என்றாள். "இன்னைக்குப் போட்டுக்கிடுதேன்."